அணிலுக்குப் புள்ளி வைத்த வாரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சுவரில் வரைந்திருந்த அணிலின் இடுப்பு வரை புள்ளி வைத்து முடித்துவிட்டு, ஓவியர் ரஃபியு இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தார். பக்கத்தில் பாரின் உரிமையாளர் செவெரின் அகோசுவும் நின்று பார்த்தார்.

அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த செவெரினின் மனைவி அஃபியாவிதான் முதலில் பேசினாள்.

"கினிக்கோழி நல்லா வந்திருக்கு."

"இது கினிக்கோழி இல்ல. சிவிங்கிப்புலி."

"அப்படியா. மூணாவது மேசையில ரெண்டு பேர் கினிக்கோழி வறுவல் கேட்டு உக்காந்திருக்காங்க. சுவத்துல படத்தைப் போட்டுட்டு இல்லைன்னு எப்படிச் சொல்றதுன்னுதான் உங்களைத் தேடி வந்தேன், தலைவரே."

தலைவரே என்று அவள் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. செவெரின் அபோமே நகரக் கால்பந்து ரசிகர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் வேறு பதவிகளுக்கு ஆள் கிடைக்காததால் அவரே அவற்றையும் பார்த்துக்கொண்டார். அகோசு என்பது கால் முதலில் வெளியே வந்து பிறக்கும் பிள்ளைகளுக்கு எங்களிடம் வைக்கும் பெயர். கால் முந்திய பிள்ளை பந்தாட்டக்காரனாகத்தான் வருவான் என்று அவருடைய தகப்பனார் ஊரெல்லாம் சொல்லிவைத்தார். செவெரினின் கால்கள் அன்றைக்கு முந்தியதோடு சரி. அதற்குப் பிறகு எதிலும் முந்தியதில்லை.

பிரச்சினை சின்னதுதான். எங்கள் பெனின் நாட்டின் தேசிய அணிக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். எத்தனையோ வருடமாக அணில்களாக இருந்தவர்கள் திடீரென்று சிவிங்கிப்புலிகள் ஆகிவிட்டார்கள்.

மாற்றியதில் நியாயம் இல்லாமல் இல்லை. காமரூனும் செனகலும் சிங்கம். ஐவரி கோஸ்ட் யானை. நைஜீரியா கழுகு. வடக்கே புர்க்கினா ஃபாசோகூடக் குதிரை. இவ்வளவு பேரோடும் மோதுவதற்கு பெனின் அனுப்பிவைத்தது அணிலை. சின்னப் பிராணிதான், ஆனால் உச்சிவரை ஏறும் என்று பெயர் வைத்தவர்கள் விளக்கம் சொன்னார்களாம். ஏறத்தான் செய்தது. ஏறிய வேகத்தில் இறங்கியும் வந்தது.

பெயர் மாற்றம் அரசாங்கம் இருக்கும் கோட்டோனுவில் ஒரு கையெழுத்தோடு முடிந்துபோகும். அபோமேயில் அது பன்னிரண்டு அடி அகலச் சுவர். சந்தைக்குப் போகும் செம்மண் சாலையைப் பார்த்தபடி இருந்த அணில் பாரின் சுவரில் வலது பக்கம் பந்தோடு ஓர் அணில். இடது பக்கம், மேலிருந்து கீழாக, நுணுக்கி நுணுக்கி எழுதிய அணியின் முழு வரலாறு. அதை முப்பது வருடமாக செவெரினே தன் கையால் எழுதிவந்தார்.

முதல் வரி, 1959 நவம்பர். சொந்த மண்ணில் நைஜீரியாவிடம் ஒன்றுக்குப் பூச்சியம் தோல்வி. அப்போது நாட்டுக்குப் பெயர் தஹோமே. இரண்டாவது வரி, அதே மாதம், லாகோஸ். நைஜீரியா பத்து, தஹோமே ஒன்று. மற்ற நாட்டுக்காரர்கள் தங்கள் வரலாறு வளர்ந்த கதையைச் சொல்ல ஆதாரம் தேடி அலைகிறார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. இரண்டாவது வரியிலிருந்து எங்கே போனாலும் வளர்ச்சிதான்.

அப்படியே கீழே வந்தால், 2004-ல் முதல்முறையாக ஆப்பிரிக்கக் கோப்பை. மூன்று ஆட்டம், மூன்று தோல்வி. 2008-ல் அதையே இன்னொரு தடவை செய்து காட்டி, முதல் தடவை நடந்தது தற்செயல் அல்ல என்று நிரூபித்தார்கள். 2010-ல் இரண்டு தோல்வி, ஒரு சமன். அந்தச் சமனுக்கு அபோமேயில் ஊர்வலம் போனோம். பிறகு 2019. மூன்று ஆட்டம், மூன்று சமன். நாலாவது ஆட்டமும் சமன், ஆனால் பெனால்டியில் மொராக்கோவைத் தாண்டிக் கால் இறுதி. ஆட்ட நேரத்துக்குள் யாரையும் வெல்லாமலே கால் இறுதிவரை போனவர்கள் நாங்கள். இதைச் சாதனை என்று செவெரின் சொல்வார். தன் கணவர் பார் நடத்தும் முறையும் இதுதான் என்று அஃபியாவி சொல்வாள்.

மொராக்கோவைத் தாண்டிய அன்று மைதானத்திலேயே இருந்ததாகச் சொல்பவர்கள் அபோமேயில் மட்டும் நானூறு பேர் தேறுவார்கள். ஆட்டம் நடந்தது கெய்ரோவில். 1959-ல் லாகோஸ் பக்கம் போனதாக மட்டும் இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்த நிலையில்தான் கோட்டோனு ரசிகர் பேரவையிலிருந்து கடிதம் வந்தது. ஊருக்கு ஒரு பாருக்கு, சுவர் அகலத்தில் பெரிய திரை இலவசம். நிபந்தனை இரண்டு. சுவரில் அணியின் புதிய சின்னம் இருக்க வேண்டும். 1959-லிருந்து அணியின் முழு வரலாறும் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அதிகாரி ஒருவர் திரையை லாரியில் ஏற்றிக்கொண்டே வந்து பார்ப்பார்.

வரலாறு தயாராக இருந்தது. சின்னம்தான் வேண்டும். செவெரினின் பாரில் இருந்த டிவி இருபது அங்குலம். அதில் பந்து தெரியாது. ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டும். எதிர்ச்சாரியில் பார்னபேயின் பாரில் முப்பத்திரண்டு அங்குலம். கூட்டம் அங்கே நகர ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. திரை இங்கே வராவிட்டால் அதுவும் அங்கேதான் போகும். அதோடு மிச்சமிருக்கும் ஏழெட்டு வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள். பிறகு அணில் பாரில் செவெரினும் அவர் எழுதிய வரலாறும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"புதுசா ஒண்ணு வரையலாமே, அண்ணே," என்று ரஃபியு முதலிலேயே கேட்டார். செவெரின்தான், இருக்கிற அணிலை வீணாக்குவானேன், புள்ளி வைத்தால் போதும் என்றார்.

ரஃபியுவின் தொழில் முடிதிருத்தகப் பலகைகள் வரைவது. தலைகள்தான் அவருக்கு வரும். உடம்பைப் பற்றி அவர் அதிகம் யோசித்ததில்லை. எதை வரைந்தாலும் பக்க வகிடு ஒன்று தானாக விழுந்துவிடும். அணிலுக்கும் இருந்தது.

கினிக்கோழி என்ற சொல் பரவுவதற்குள் வேலையைத் திருத்தியாக வேண்டும். அன்று மத்தியானமே அணிலின் தொப்பையைக் குறைத்து, காலை நீட்டி, வாலில் முக்கால்வாசியை அழித்து, மஞ்சள் பூசிப் புதிதாகப் புள்ளிகள் வைத்தார்கள். சாயங்காலம் பார்த்தால் சுவரில் ஒரு கம்பீரமான பெரும்பூனை நின்றது. வகிடு மட்டும் அப்படியே இருந்தது. செவெரின் திருப்தியாகத் தூங்கினார்.

புதன்கிழமை காலை டொவோனூ வந்தார், தோளில் தடியோடு.

டொவோனூ பெரியய்யாவின் தூதர். பெரியய்யா என்பவர் எங்கள் பழைய அரச வம்சத்தின் ஒரு கிளைக்குக் குலத்தலைவர், எண்பத்து மூன்று வயது. 1975-ல் நாட்டின் பெயர் தஹோமேயிலிருந்து பெனின் என்று மாறியது அவருக்கு இன்னும் முறைப்படி தெரிவிக்கப்படவில்லை. அவருடைய கடிதத்தாளில் தஹோமே என்றுதான் அச்சடித்திருக்கும். அவர் சொல்லி அனுப்பும்போது டொவோனூவின் தோளில் செதுக்கு வேலை செய்த ஒரு சின்னத் தடி இருக்கும். தடி தோளில் இருக்கும்வரை பேசுவது டொவோனூ இல்லை, பெரியய்யா. எதிரே இருப்பவர் தரையில் விழுந்து மண் தொட வேண்டும். தடியை இறக்கி வைத்துவிட்டால் டொவோனூ வெறும் டொவோனூ. பீர் கேட்பார், காசு தர மாட்டார்.

செவெரின் விழுந்தார்.

"என் மூதாதை ஒரு சாராயக்கடைச் சுவத்துல, தோத்த கணக்குக்குப் பக்கத்துல நிக்கிறதாக் கேள்விப்பட்டேன்," என்றது தடி. "சுவத்துக்கு வெள்ளை அடி. மேலேருந்து ஆரம்பி."

செவெரினுக்கு அப்போதுதான் உறைத்தது. அரச வம்சம் சிறுத்தையின் வழிவந்தது என்பது அபோமேயில் குழந்தைக்கும் தெரியும். சிறுத்தையை யாரும் கொல்லக் கூடாது, கேலி செய்யக் கூடாது. அதை பீர் பெட்டிகளுக்கு மேல் நிற்கவைத்துக் காலடியில் பந்து கொடுப்பது இந்த இரண்டில் எதில் சேரும் என்று யாரும் கேட்க வேண்டியதே இல்லை.

"பெரியய்யா, இது சிறுத்தை இல்லீங்க. சிவிங்கிப்புலி. அணிக்குப் புதுப் பேரு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

இது நியாயமான கேள்வி. அபோமேயில் இரண்டையும் உயிரோடு பார்த்தவர் யாரும் இல்லை. சிறுத்தையை அரண்மனைச் சுவர்ச் சிற்பத்தில் பார்த்திருக்கிறோம். சிவிங்கியை ரஃபியுவின் கைபேசியில் பார்த்தோம்.

டொவோனூ தடியை இறக்கி மேசைமேல் வைத்துவிட்டு, குளிர்ந்ததாக ஒன்று கொடு என்றார். முதல் மடக்கிலேயே அவர் முகம் மனித முகமாகிவிட்டது. செவெரின் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே, அண்ணே, பட்டியலை அழித்தால் திரை போய்விடும், மிருகத்தை வேண்டுமானால் எப்படிக் கேட்டாலும் மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினார்.

"மேலேருந்து ஆரம்பிக்கச் சொல்லுச்சு தடி," என்றார் டொவோனூ குப்பியைப் பார்த்தபடி. "நீ மிருகத்தைப் பத்திப் பேசற."

"மிருகம்தானே அண்ணே பிரச்சினை."

டொவோனூ இரண்டாவது குப்பியைத் திறந்தார்.

வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது ரஃபியு. சிவிங்கியின் கண்ணிலிருந்து வாய்வரை இரண்டு பக்கமும் கறுப்பாக ஒரு கோடு இறங்கும். சிறுத்தைக்கு அது கிடையாது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். செவெரின் ரஃபியுவைக் கட்டிப்பிடித்தார். பொழுது சாய்வதற்குள் கோடுகள் இறங்கிவிட்டன. தலை வரைவதில் ரஃபியு கெட்டிக்காரர் இல்லையா, கோடுகள் மிகவும் உருக்கமாக வந்திருந்தன.

வியாழக்கிழமை சந்தை நாளாக அமைந்தது செவெரினின் நேரம். தக்காளிக் கூடையோடு போன ஓர் அம்மாள் சுவருக்கு முன்னால் நின்றாள். கூடையை மெதுவாக இறக்கினாள்.

"சிறுத்தை அழுவுது," என்றாள்.

அபோமேயில் பெரிய இடத்தில் யாராவது போய்விட்டால் இறந்துவிட்டார் என்று சொல்கிற வழக்கம் இல்லை. இருட்டிவிட்டது என்பார்கள். அதையும் லேசில் சொல்லிவிட மாட்டார்கள். வீட்டார் மாதக்கணக்கில் மறைத்து வைப்பார்கள். கேட்டால் சளி, ஓய்வு, பயணம் என்பார்கள். ஆகவே எங்கள் ஊரில் ஒரு சாவு உறுதியாவது, அப்படி எதுவும் இல்லை என்று யாராவது மறுக்கும்போதுதான்.

அந்த அம்மாள் செவெரினின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "எப்போ ஆச்சு?" என்று கேட்டாள்.

"எது?"

"சரி, சொல்லக் கூடாதுன்னா வேணாம்."

"அக்கா, இது சிவிங்கி. அதுக்கு மூஞ்சியே அப்படித்தான். பெரியய்யா நல்லா இருக்காரு."

அதற்கு மேல் அவளுக்கு ஆதாரம் தேவைப்படவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

பன்னிரண்டு மணிக்குத் துணிக்கடைக்காரர் துக்கத்துக்கான துணியைத் தேர்ந்தெடுத்துவிட்டார், நீலத்தில் வெள்ளைப் பூ. ஒரு மணிக்குத் தையல்காரர்கள் அளவெடுக்க ஆரம்பித்தார்கள். செவெரின் பாரின் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெரியய்யா நலமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல ஊர் அழுதது. மூன்று மணிக்குப் பெரியய்யாவின் தம்பி மகன்கள் இரண்டு பேரும் தனித்தனியாக வந்தார்கள். அடுத்த குலத்தலைவர் இவர்களில் ஒருவர் என்பது ஊரறிந்த விஷயம். மூத்தவர் எல்லோருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்கிக் கொடுத்தார். இளையவர் அதைக் கேள்விப்பட்டு இரண்டு பெட்டி வாங்கிக் கொடுத்தார். ஐந்து மணிக்குக் கடையில் ஒரு குப்பிகூட மிச்சமில்லை. பார்னபேயிடம் கடன் வாங்கி விற்றார்கள்.

"இந்த மிருகம் இன்னும் நாலு நாள் அழுதா மாடி கட்டிடலாம்," என்றாள் அஃபியாவி.

வெள்ளிக்கிழமை காலை தடி மறுபடியும் வந்தது. செவெரின் அது தெருமுனையில் தெரிந்தபோதே விழுந்துவிட்டார்.

"காலையில நான் கஞ்சி குடிச்சிட்டு இருந்தேன்," என்றது தடி. "ஒரு தச்சன் வந்து நின்னான். என் நீளம் என்னன்னு கேட்டான். அகலத்தைக் கண்ணாலயே பாத்துக்கிட்டான்."

செவெரின் மண்ணிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"நான் செத்துட்டேனா இல்லையான்னு எனக்குச் சொல்லி அனுப்பு. சுவத்துக்கு வெள்ளை அடி. முழுக்க முடியலைன்னா மேல இருக்கிற நாலு வரிக்காவது அடி."

தடி மேசைக்கு வந்ததும் செவெரின் டொவோனூவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணீரைத் துடைச்சிட்டாப் போதுமா, அண்ணே?"

"நான் என்ன சொல்ல? தடி சொன்னதுதான்."

"துடைச்சுட்டுச் சிரிக்கவும் வெச்சுடறேன். பெரியய்யாவுக்கும் சந்தோஷம், ஊருக்கும் விஷயம் புரியும்."

டொவோனூ கையை விடுவித்துக்கொண்டார். "தம்பி, நீ ரொம்ப நல்லவன்," என்றார் பாராட்டாத குரலில்.

கண்ணீர் துடைக்கப்பட்டது. சிரிப்புக்கு ரஃபியு முடிதிருத்தகப் பலகையில் வழக்கமாகப் போடும் சிரிப்பையே போட்டார், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. வகிடோடு சேர்த்துப் பார்க்கும்போது, மிருகம் அப்போதுதான் முடிவெட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்புவது போல இருந்தது.

ஊருக்கு விஷயம் புரிந்தது. வியாழக்கிழமை அழுத சிறுத்தை வெள்ளிக்கிழமை சிரிக்கிறது என்றால் வாரிசு முடிவாகிவிட்டது என்று அர்த்தம். மூத்தவர், அது தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்றார். இளையவர், கண் போகிற திசையைக் கவனியுங்கள், என் வீட்டுப் பக்கம் என்றார். சனிக்கிழமை மத்தியானம் இருவரும் பட்டும் பவளமுமாக, ஆளுக்கொரு மேளக் கோஷ்டியோடு அணில் பாருக்கு வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

நாலு மணிக்கு லாரி வந்தது. கோட்டோனு பேரவையின் அதிகாரி மதாம் கின்வே இறங்கினார். கையில் அட்டை, அட்டையில் படிவம், காதில் பேனா. இரண்டு மேளக் கோஷ்டியும் தனக்கான வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இது என்ன பிராணி?"

"சிவிங்கிப்புலி, மதாம்."

"ஏன் சிரிக்குது?"

"அணி முன்னேறிக்கிட்டு வருது, மதாம்."

"கண்ணீர்க்கோடு இல்லையே. கோடு இல்லைன்னா அது சிறுத்தை. படிவத்துல சிறுத்தைக்கு இடம் இல்ல."

செவெரின் ரஃபியுவைப் பார்த்தார். ரஃபியு தூரிகையை எடுத்தார். இரண்டு நிமிடத்தில் கோடுகள் திரும்ப இறங்கின. இப்போது சுவரில் நின்றது முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டே கண்ணீர் விடும் ஒரு மிருகம். அந்த வாரத்தில் முதல்முறையாக அது எங்கள் அணியின் ரசிகனைப் போல இருந்தது. மதாம் முதல் கட்டத்தில் சரி போட்டார்.

"அடுத்தது வரலாறு," என்று சொல்லிப் பட்டியலின் உச்சிக்கு நகர்ந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது, நவம்பர்."

அப்போதுதான் சாலையில் பெரிய குடை ஒன்று வருவது தெரிந்தது.

மேளங்கள் நடுத்தாளத்தில் நின்றன. குடைக்கு அடியில், டொவோனூவின் தோளைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் காலில் நடந்து வந்துகொண்டிருந்தார் பெரியய்யா. தக்காளிக்கார அம்மாள் முதலில் அலறினாள். பிறகு இருந்தவர்களில் பாதிப்பேர் தரையில் விழுந்தார்கள், மீதிப்பேர் ஓடினார்கள். மூத்த தம்பி மகன் அடுப்படிக்குள் புகுந்தார். இளையவர் விழுந்தவர்களோடு விழுந்து, மற்றவர்களைவிடச் சத்தமாக, பெரியய்யா நூறாண்டு வாழ்க என்றார்.

பெரியய்யா எவரையும் பார்க்கவில்லை. மிருகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் பட்டியலுக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியை மாட்டி, மேல் இரண்டு வரியையும் படித்தார். உதடுகள் அசைந்தன. கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். டொவோனூவின் காதில் ஏதோ சொன்னார். டொவோனூ தடியைத் தோளில் சரியாக வைத்துக்கொண்டார்.

"பெனின் அணியோட வரலாறு பெனின்னு பேரு வெச்ச நாள்லேருந்துதான். 1975. அதுக்கு மேல இருக்கிறது வேற நாட்டு விவகாரம். அழி."

தரையில் கிடந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். நாற்பத்தேழு வருடமாக பெனின் என்ற சொல்லை வாயால் சொல்லாத மனிதர், தஹோமே அரசர்களின் ரத்தம், தஹோமே வேறு நாடு என்கிறார். வயதாகிவிட்டது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். செத்துப் பிழைத்தவர்களுக்குப் புத்தி தெளியும் என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

"1959 இல்லைன்னா திரை இல்ல," என்றார் மதாம் கின்வே. கோட்டோனுக்காரருக்குத் தடியெல்லாம் வெறும் மரம். "இந்தத் தெருவுல பார்னபேன்னு ஒருத்தர் இருக்காராமே, எங்க?"

எதிர்ச்சாரியில் பார்னபே கையைத் தூக்கினான். லாரிக்காரர் இன்ஜினை முடுக்கினார்.

செவெரின் நடுவில் நின்றார். ஒரு பக்கம் திரை, ஒரு பக்கம் தடி. மிருகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். பத்துக்கு ஒன்று என்பதை எப்படி மாற்றுவது? பிறந்த அன்றைக்குப் பிறகு முதல்தடவையாக அவருக்குக் கால்கள் முந்தி ஓடிவிடத் துடித்தன.

அந்த நேரத்தில் பெரியய்யாவுக்குத் தாகம் எடுத்தது. அஃபியாவி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கூட வந்த ஆட்கள் இரண்டு பேர் ஒரு வெள்ளைத் துணியை அவருக்கு முன்னால் விரித்துப் பிடித்தார்கள். பெரியவர்கள் குடிப்பதை ஊர் பார்க்கக் கூடாது. துணிக்குப் பின்னால் தண்ணீர் இறங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோல வேறு பக்கம் பார்த்தார்கள்.

செவெரின் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவது மேசையின் விரிப்பை உருவினார். அதன்மேலிருந்த கிண்ணங்கள் உருண்டதைக் கவனிக்கவில்லை. ஸ்டூலில் ஏறி, பட்டியலின் உச்சியில் 1975-க்கு மேல் இருந்த அத்தனை வரிகளையும் மறைத்து, விரிப்பின் மேல் ஓரத்தில் நாலு ஆணி அடித்தார். இறங்கி வந்து விழுந்தார்.

"பெரியய்யா, நீங்க தண்ணி குடிச்சீங்க. நாங்க யாரும் பாக்கல. அந்த மாதிரி வெச்சுக்குங்க."

மதாம் கின்வே ஸ்டூலில் ஏறி, விரிப்பின் கீழ் ஓரத்தைத் தூக்கி, உள்ளே தலையை விட்டு எண்ணிப் பார்த்தார். "எல்லா வரியும் இருக்கு," என்று சொல்லி இரண்டாவது கட்டத்திலும் சரி போட்டார். விரிப்பு விழுந்தது. பெரியய்யா விரிப்பைப் பார்த்தார், அதிலிருந்த மீன் குழம்புக் கறையைப் பார்த்தார். டொவோனூவின் காதில் சொன்னார்.

"கீழ்ப்பக்கமும் ஆணி அடி," என்றது தடி.

அடித்தார்கள். யாரும் வெல்லவில்லை, யாரும் தோற்கவில்லை, எல்லோரும் அடுத்த சுற்றுக்குப் போனார்கள். எங்கள் அணியின் பாணியிலேயே காரியம் முடிந்தது.

பெரியய்யா குடைக்கு அடியில் திரும்பிப் போனார். தம்பி மகன்கள் இருவரும் தங்கள் வீடுகளுக்கு வெவ்வேறு வழியாகப் போனார்கள். மேளக்காரர்கள் கூலி கேட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்கள். லாரியிலிருந்து திரை இறங்கியது. பார்னபேயே வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தான், முதல் வரிசையில் ஒரு நாற்காலி வேண்டும் என்ற நிபந்தனையோடு.

டொவோனூ மட்டும் போகவில்லை. தடியை மேசைமேல் வைத்து, பத்திரமாக ஒரு துணியையும் போட்டு மூடினார். குளிர்ந்ததாக ஒன்று கேட்டார். செவெரின் அவருக்கும் தனக்குமாக இரண்டு குப்பி திறந்துகொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல, அண்ணே. சிறுத்தைக்காகத்தானே இத்தனை கோபம்? புள்ளி வெச்சேன், அழவெச்சேன், சிரிக்கவெச்சேன். கடைசியில அவர் அதை நிமிர்ந்துகூடப் பாக்கலையே."

டொவோனூ நுரையை ஊதித் தள்ளினார். ஆணி அடித்த விரிப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சிறுத்தையாவது, சிவிங்கியாவது. லாகோஸ்ல அந்தப் பத்து கோலையும் கம்பத்துக்கு நடுவுல நின்னு வாங்கினதே பெரியய்யாதான், தம்பி."